ராஜமலைக்கு வருமுன் அக்காவுக்கு

அக்கா,

இந்த ஆகஸ்ட் 6-க்கு மூணாறு ராஜமலைக்கு வருகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது. பெட்டிமுடி நிலச்சரிவில் நம் வீட்டு ஆட்கள் யார் யார் போனார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் பெயர்களை எழுதவில்லை.

2020-இல் அந்த ராத்திரி அங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. துபாயில் எனக்கு மறுநாள் மலையாள சேனலைப் பார்த்துத்தான் தெரியும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் சேறும் பாறையும். ஒரு தகர ஷீட் மட்டும் மண்ணில் செருகி நின்றது. எந்த வீட்டுக் கூரை என்று பார்க்க டிவியோடு ஒட்டி நின்றேன். டிவி பார்த்த அன்று இரவே கோழிக்கோடு கரிப்பூரில் விமானம் விழுந்தது. துபாயிலிருந்து போன விமானம். ரூமில் எல்லாரும் ஊருக்குப் போன் போட்டார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து அழுதேன். நான் யாருக்காக அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

கரிப்பூரில் செத்தது 21 பேர், நம்மில் 70 பேர். நம்மில் நாலு பேர் உடல்கூடக் கிடைக்கவில்லை. கரிப்பூர்க் குடும்பங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அங்கே 10 லட்சம், தோட்டத் தொழிலாளிக்கு 5 லட்சம் என்று அரசு அறிவித்ததை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை.

ஒருவழியாக உன் லைன் கிடைத்தபோது, பின்னால் ஜேசிபி சத்தம். "சார்ஜ் இல்லப்பா, வச்சிரு" என்றாய். நான் வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் அக்கா. கொரோனாவால் அப்போது வழக்கமான விமானம் எதுவும் ஓடவில்லை. எப்படியோ வந்திருந்தாலும் தனிமையில்தான் அடைத்திருப்பார்கள். இது உனக்கும் தெரியும். தெரிந்துமா "பணம் அனுப்பினான், ஆள் வரல" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாய்? அந்தப் பணத்துக்கு நான் வெயிலில் நின்றது உனக்குக் கணக்கில்லையா?

அம்மா ரிட்டையர் ஆனதும் வேலையோடு லயத்து வீடும் கைவிட்டுப் போகக் கூடாதென்று படிப்பை விட்டுக் கொழுந்து எடுக்கப் போனவள் நீ. அதனால்தான் நான் வெளியே வர முடிந்தது. ஒரு நாளும் நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் நாலு சென்ட் நிலம் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பத்திரம் உன் பெயரில்தான். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். இனி மழைக்காலத்தில் நீ அந்தச் சரிவுக்குக் கீழே படுக்கக் கூடாது. கோபம் என்றால் நேரில் திட்டு. ஆறாம் தேதி கல்லறைக்கு மட்டும் என்னைத் தனியாகப் போகச் சொல்லாதே.