கோதுமை குவிந்தது, விலை சரிந்தது

ஆசிரியருக்கு,

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தொழில் வளர்ச்சி பற்றிய ஞாயிறு கட்டுரை படித்தேன். கார்னகியின் எஃகு, ராக்பெல்லரின் எண்ணெய் எல்லாம் சரி. விவசாயியைக் காணோமே!

1862 ஹோம்ஸ்டெட் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்தது (பூர்வகுடிகளிடம் பறித்த நிலம்தான் அதில் பெரும்பகுதி). 1874இல் கிளிடன் என்பவர் காப்புரிமை பெற்ற முள்கம்பி, மரமே இல்லாத சமவெளியில் வேலி போட வழி செய்தது. அறுவடை இயந்திரமும் ரயிலும் சேர்ந்துகொள்ள, கோதுமை குவிந்தது. விலை? 1870களில் ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, ஒரு டாலரை ஒட்டி விற்றது. 1894இல் அரை டாலருக்கு இறங்கிவிட்டது. பல ஊர்களில் ஒரே ரயில் கம்பெனி, அது சொன்னதுதான் கட்டணம். தானியக் கிடங்குக்காரர்களும் அப்படித்தான். இல்லினாய் மாநிலம் கிடங்கு வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது. 1877இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மத்திய அரசு ரயில் கட்டணத்தில் தலையிட 1887 ஆனது. அதிலும் திருப்தியில்லாமல், 1892இல் ஒமாஹா நகரில் கூடிய, விவசாயிகளின் ஆதரவு பெற்ற மக்கள் கட்சி, ரயில்வேயை அரசுடைமையாக்கச் சொன்னது.

இதையும் ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஈரோடு