பூனைக்கு ஊற்றிய பால்

பொகவந்தலாவை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கன்றுக்குட்டி செத்ததை எழுதியிருந்த பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு கன்றை ஆளாக்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா? நீ சாப்பிடாமல் கிடந்திருப்பாய் என்பதும் தெரியும்.

மாட்டுக்கு வந்த தோல் கழலை நாய்க்கு வருமா, பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்று கேட்டிருந்தாய். பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிற என் சின்னவளிடம் கேட்டேன். மனிதருக்கு வராது, பயப்படாதே. மாட்டையும் எருமையையும் பிடிக்கிற நோய் அது. கடிக்கிற ஈயும் நுளம்பும் உண்ணியும்தான் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன. பட்டியில் சாணியைத் தேங்கவிடாதே. மற்ற மாட்டுக்குத் தடுப்பூசி போட்டாயா என்று எழுது.

அந்தப் பேச்சில்தான் அவள் இன்னொரு கதை சொன்னாள். அதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கத்துப் பெரிய பால்பண்ணைகளில் மாடுகள் தீனி எடுக்கவில்லை, பால் வற்றியது. வந்த கொஞ்சப் பாலும் சீம்பால் மாதிரி மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. என்ன சீக்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. அதற்குள் பண்ணைப் பூனைகள் சாகத் தொடங்கிவிட்டன. ஒரு பண்ணையில் இருபத்துநான்கு பூனை அளவில் இருந்தனவாம். சீக்கு மாட்டின் பாலைக் காய்ச்சாமல் ஊற்றியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் செத்துவிட்டன. கண் தெரியாமல், நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றிச் சுற்றிச் செத்தனவாம். சோதித்துப் பார்த்தால் மாட்டின் பாலிலும் பூனையின் மூளையிலும் இருந்தது ஹெச்5என்1. பறவைக் காய்ச்சல்!

கோழிக்கும் வாத்துக்கும் வருகிற நோய் மாட்டின் மடிக்குள் எப்படிப் போனது? வைரஸ் உடம்புக்குள் நுழைய ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், பறவைகளிடம் இருக்கிற அந்த இடம் மாட்டின் மடியிலும் நிறைய இருக்கிறது என்றாள். காய்ச்சல் என்றால் மூக்கிலும் நெஞ்சிலும் இருக்கும் என்று நினைப்போம், இது மடியில் குடியிருந்திருக்கிறது. பால் கறக்கிற மெஷினை ஒரு மாட்டில் கழற்றி அடுத்த மாட்டில் மாட்டும்போது கூடவே போயிருக்கிறது. அந்த முதல் பரவலுக்கு, 2023 கடைசியில் பறவையிடமிருந்து மாட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்ததுதான் காரணம் என்று மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். அப்புறம் மாடுகளை லொறியில் ஏற்றி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனது மனிதர். மாட்டிலிருந்து திரும்பவும் கோழிப் பண்ணைக்குப் போனது, பால் கறந்தவர்களுக்குக் கண் சிவந்தது.

இருபது வருஷத்துக்கு முந்தியும் இப்படித்தான். 2004இல் தாய்லாந்தில் சீராச்சா என்ற இடத்துப் புலிப் பண்ணையில் சீக்குக் கோழியைப் பச்சையாகப் போட்டிருக்கிறார்கள். செத்ததும் கொன்றதுமாக 147 புலிகள். நோய் ‘தாவிவிட்டது’ என்று சொல்கிறார்கள், செல்வி. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்ததைத் தாவியது என்று எப்படிச் சொல்வது?

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், ஐப்பசி மழையில் மேல் லயத்தில் எட்டுக் கோழி செத்தது. வெள்ளைக்கழிச்சல் என்று மிருக வைத்தியர் சொன்னார். பொடியன்கள் தூக்கித் தண்ணீர் ஓடுகிற கானில் வீசிவிட்டார்கள். ராத்திரி நாய்கள் இழுத்துவந்து வீட்டு வாசல் இஸ்தோப்பிலேயே வைத்துத் தின்றன. இரண்டு நாள் கழித்து அந்த நாய்களில் ஒன்றைப் புலி கொண்டுபோய்விட்டது. (சிறுத்தையை இன்னமும் புலி என்றுதான் சொல்கிறோம். நாம் சின்னப் பிள்ளையில் பீலியடியில் கால் தடம் பார்த்துவிட்டு ஓடிவந்தது ஞாபகம் இருக்கிறதா?) இந்தத் தடவை அது பெரும்பாலும் பறவைகளோடு நிற்கிற நோய், தப்பித்தோம். வேறு நோயாக இருந்திருந்தால்? கோழியிலிருந்து நாய்க்கு, நாயிலிருந்து புலிக்கு, பாதை போட்டது நாங்கள்தானே. இந்தச் சாதிச் சிறுத்தை உலகத்திலேயே நம் தீவில் மட்டும்தான் இருக்கிறது. அதை நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து நாங்கள் நாலு பெண்கள் கானுக்கு மேலே ஆழமாகக் குழி வெட்டினோம். மிச்சம் கிடந்ததைப் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். இனிமேல் எந்த வீட்டில் கோழி செத்தாலும் குழிதான் என்று பேசி வைத்திருக்கிறோம். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களிடம் டெக்சாஸ் பூனைகளின் கதையைச் சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூட வந்தார்கள்.

எங்கள் வீட்டுப் பூனைக்கும் இப்போது காய்ச்சி ஆற்றிய பால்தான். காய்ச்சினால் அந்த வைரஸ் செத்துவிடும். முன்பெல்லாம் கறக்கிற இடத்திலேயே சிரட்டையில் ஊற்றுவேன். இப்போது அடுப்படியில் வந்து உட்கார்ந்து கத்திக்கொண்டே காத்திருக்கிறது.

சின்னவளுக்குத் தையில் பரீட்சை முடிகிறது. முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வரலாம் என்று இருக்கிறேன், உன் பட்டியையும் பார்த்துச் சொல்வாள். அதற்கு முன்னே, தாய்ப்பசுவின் கால் வீக்கம் வடிந்ததா, தீனி எடுக்கிறதா என்று இரண்டு வரி போடு.

உன்
சரோஜா