குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் மூச்சுத் தொற்றுகளைத் தடுக்க மழலையர் கூடங்களில் நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்:
மழலையர் வகுப்பு ஆசிரியைகளும் பெற்றோரும்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை

பொருள்: மழலையர் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் காற்றோட்டத்தைச் சீர்செய்தல், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய்ப் பதிவு அட்டை வழங்குதல், பணியாளர்களுக்கு மூச்செண்ணும் பயிற்சி அளித்தல், முழு வருகைப் பரிசை நிறுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்புப் பெற்றோர் கூடிப் பேசி, அவர்கள் சார்பிலும் என்னையே இந்த மனுவை எழுதச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் எந்த வாரமும் நாலைந்து பெயர்களுக்கு எதிரே விடுப்பு இருக்கும். காரணம் கேட்டால் சளி, இருமல், காய்ச்சல். போன வாரம் வராத பிள்ளை இந்த வாரம் வருவான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அடுத்த வாரம் வரமாட்டாள்.

பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா டீச்சர்?" அந்தக் கேள்வியில் இருக்கும் குற்ற உணர்வை என்னால் தாங்க முடியவில்லை. இந்த வயதுக் குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. முதன்முறை காப்பகத்தில் சேரும் ஆண்டில் அது 10, 12 முறைகூட ஆகலாம். சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்குக் கிடைத்த எதிர்ப்பு மற்றொன்றை முழுமையாகத் தடுக்காது. ஒவ்வொரு சளிக்குப் பின்னும் இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். எட்டு முறையை இரண்டு வாரத்தால் பெருக்கிப் பாருங்கள், ஐயா. சளி அதிகமாகப் பரவும் மாதங்களில் பிள்ளை விடாமல் இருமிக்கொண்டே இருப்பதுபோல் ஏன் தோன்றுகிறது என்பது விளங்கும். இதை யாரும் அந்தத் தாயிடம் சொல்வதில்லை. அவர் டானிக் வாங்கக் கிளம்பிவிடுகிறார்.

பிள்ளையின் உடம்பைச் சோதிப்பதற்கு முன்னால் பிள்ளை நாள் முழுக்க இருக்கும் அறையைச் சோதியுங்கள் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. மழலையர் கூடங்களில் ஜன்னல்கள் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. சத்தம், கொசு, குளிர், பிள்ளை ஏறி விழுந்துவிடுவான் என்ற பயம் என்று காரணங்கள் உண்டு. எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் மூடிய அறையில் ஒரு குழந்தை இருமினால் வெளிப்படும் நுண்துளிகள் நெடுநேரம் அந்தக் காற்றிலேயே மிதக்கின்றன. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்புகள் இருந்தாலே காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும். ஜன்னலுக்குக் கம்பியும் கொசுவலையும் போட்டுத் தந்தால் திறந்து வைக்க எங்களுக்குத் தயக்கமே இல்லை. அறையில் தேங்கிய கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. அளவு ஏறினால் காற்று மாறவில்லை என்று பொருள். ஆய்வுக்கு வரும் அலுவலர் பதிவேடுகளோடு அதையும் பார்க்கட்டும்.

மதியத் தூக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாய்களை நெருக்கி விரித்து, பிள்ளைகளை முகத்தோடு முகமாகப் படுக்க வைக்கிறோம். ஒன்றரை மணி நேரம் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார். பாய்களுக்கு இடையே மூன்றடி விட்டு, ஒருவர் தலைப்பக்கம் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் படுக்க வைக்கச் செலவே இல்லை. நாங்கள் தொடங்கிவிட்டோம். எல்லாக் கூடங்களுக்கும் இது விதியாக வேண்டும். மூன்றடி விட இடம் போதாத அறையில் எத்தனை குழந்தைகளைச் சேர்க்கலாம் என்ற கேள்வியும் அதோடு எழும்; எழட்டும்.

சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை படிந்த அறைகளைக் குழந்தைகளுக்கு ஒதுக்கக் கூடாது. விறகோ கரியோ எரியும் சமையற்கட்டு வகுப்பறையை ஒட்டி இருக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். இவ்வயதுக் குழந்தைகளின் நிமோனியா மரணங்களில் ஏறக்குறைய பாதிக்கு வீட்டுக்குள் எழும் புகையின் நுண்துகள்களே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய முடிகள் இருக்கின்றன. புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. தள்ளப்பட வேண்டிய சளி அங்கேயே தேங்குகிறது.

புகை பற்றி என் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு நான்கு வயதிருக்கும்போது ஒரே ஆண்டில் ஐந்து முறை ஆன்டிபயாடிக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் "நெஞ்சுச் சளி" என்றார்கள், சீட்டு எழுதினார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை. மருந்து எழுதாவிட்டால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆறாவது முறை வேறொரு மருத்துவர் மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. இரவில்தான் அதிகம் இருமுகிறானா, ஓடினால் இருமல் வருகிறதா, காய்ச்சல் இருந்ததா, வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். என் மாமனார் வெளியே நின்றுதான் புகைப்பார். ஆனால் உள்ளே வந்ததும் அதே சட்டையோடு பேரனைத் தூக்கிக்கொள்வார். மகனுக்கு இருந்தது ஆஸ்துமா. ஒவ்வொரு சளியும் அதைத் தூண்டிவிட்டிருக்கிறது. இன்ஹேலர் தொடங்கி, மாமனாரும் புகையை விட்ட பிறகு, அடுத்த ஆண்டு ஒரே ஒரு முறைதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைரஸ் மீது வேலை செய்யாத மருந்தை ஐந்து முறை என் கையால் ஊட்டியிருக்கிறேன்.

அந்த ஐந்து சீட்டுகளும் ஒரே தாளில் இருந்திருந்தால் இரண்டாவது முறையே யாராவது கவனித்திருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவு அட்டை கேட்கிறோம். எந்தத் தேதியில் தொடங்கியது, காய்ச்சல் எத்தனை நாள், மூச்சிரைப்பு இருந்ததா, எக்ஸ்ரே எடுத்தால் எந்தப் பக்கம், என்ன மருந்து, எடை எவ்வளவு: இவ்வளவு போதும். ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காது சீழ், எடை ஏறாமை, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனின்மை ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அந்தக் குழந்தையைக் குழந்தைகள் நல நிபுணரிடம் அனுப்பியாக வேண்டும். பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த அரிதான குழந்தைகள் இப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். நுரையீரலின் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி நிமோனியா வந்தால், விழுங்கிய ஏதோ ஒன்று மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். வாயைத் திறந்தே மூச்சுவிட்டு, குறட்டையும் விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கலாம். அட்டை இல்லாவிட்டால் இவை எல்லாமே வெறும் "சளி" என்றுதான் போகும்.

பணியாளர்களுக்கு மூச்செண்ணக் கற்றுக்கொடுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஓர் ஆண்டு வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினால் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பிள்ளை எதையும் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அரை நாள் பயிற்சியில் இதைக் கற்றுவிடலாம்.

தடுப்பூசிகளைப் பற்றித் துறைக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளுக்கு எதிரான நிமோகாக்கல், ஹிப் ஊசிகள், கக்குவான், தட்டம்மைத் தடுப்பூசிகள் ஆகியவற்றில் விடுபட்டது எது என்று சேர்க்கையின்போதே பார்த்து, விரட்டாமல் வழிகாட்டும் முறை மட்டும் வேண்டும். தட்டம்மை வந்தால் அது மற்ற நோய்களுக்கு எதிராக உடல் ஏற்கெனவே கற்றுவைத்த எதிர்ப்பு நினைவில் ஒரு பகுதியையும் சேர்த்து அழித்துவிடுகிறது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னால் தயங்குகிறவர்களும் யோசிப்பார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதும் அப்படித்தான். வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பாலூட்ட நேரமும் இடமும் இல்லாமல் அந்த அறிவுரையை மட்டும் சொல்வது கொடுமை.

சோப்பும் ஓடும் நீரும் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் வேண்டும். கைகழுவும் பழக்கம் மூச்சுத் தொற்றுகளை 16 முதல் 21 சதவீதம் குறைக்கிறது. என் வகுப்பிலோ குழாயே பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கிறது.

கடைசியாக, முழு வருகைப் பரிசு. காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, சூடு தணிந்த நேரம் பார்த்துப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். பரிசு வேண்டும் என்று பிள்ளை அழுகிறான். தாய்க்கும் விடுப்பு கிடைப்பதில்லை. பத்து மணிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறும்போது அவன் என் மடியில் படுத்திருப்பான், சுற்றிலும் மற்ற பிள்ளைகள். ஆண்டு விழாவில் அந்தப் பரிசை என் கையால் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தப் பரிசையே நிறுத்தும்படி சுற்றறிக்கை அனுப்புங்கள். நோயுற்ற சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கத் தொழிலாளர் துறைக்குத் தாங்களே பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம்.

இவற்றை முதலில் எங்கள் கூடத்திலேயே நடைமுறைப்படுத்திப் பார்க்க நாங்கள் தயார். ஆய்வுக்கு வருவதாக இருந்தால் மதியத் தூக்க நேரத்தில் வாருங்கள், ஐயா. பிள்ளைகள் தூங்கும் அந்த அறையில் ஐந்து நிமிடம் நின்று மூச்சுவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியைகளும் பெற்றோரும்

இணைப்பு: எங்கள் வகுப்பில் பயன்படுத்தும் பதிவு அட்டையின் மாதிரி, பெற்றோர் கையொப்பங்கள்