இந்தத் தடவை எத்தனை டிக்கெட்?

பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா,
டிசம்பர் 3

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் மூன்று பேரும் நலம்தானே? போன் இருக்க லெட்டர் எதற்கு என்பாய். போன் செய்தால் “சரிம்மா, வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுகிறாய். மூன்று ஞாயிறு போய்விட்டது, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இங்கே நல்ல மழை. ஊர் பேரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எனக்குத்தான் கை பழைய பேரையே எழுதுகிறது. அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்து போனாள். வேறு சேதி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. உனக்குப் பின்னால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைத் துடைக்கக் கழற்றினீர்களோ, பெயிண்ட் அடிக்கிறீர்களோ, நான் கேட்கவில்லை.

காலையிலிருந்து ஜிம் ரீவ்ஸ் பாடிக்கொண்டிருக்கிறார். அக்கா மகன் என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். 1963இல் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி ரெக்கார்டு போட்டார் மனுஷன், மறு வருஷமே விமானம் விழுந்து போய்ச் சேர்ந்தார். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் வந்துவிடுகிறார். நான் முதலில் கேட்டது ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று. ஒரு வார்த்தை புரியாது. பால் வாளி தூக்கிக் காய்ந்துபோன கையில் வெந்நீர் ஊற்றின மாதிரி இருக்கும் அந்தக் குரல். வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று ஒரு பாட்டு, அந்த வெள்ளை பனி என்று கிராணி அம்மாதான் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த வெள்ளை ரப்பர் பால். டிசம்பர் மழையில் மரம் நனைந்தால் அதுவும் இல்லை, கூலியும் இல்லை. சவுக்குக் கிளையில் இலவம்பஞ்சைப் பிய்த்து ஒட்டுவோமே, அதுதான் நம் தோட்டத்து லய வீடுகளின் பனி. நீ பஞ்சு மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே ஒட்டுவாய்.

ஜிங்கிள் பெல்ஸ் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கடைக்குக் கடை அதையே போட்டு அடிக்கிறார்கள். 1857இல் வந்த பாட்டாம், கிறிஸ்துமஸ் என்ற சொல்லே அதில் இல்லையாம். போனி எம் குழு 1978இல் பாடின “மேரிஸ் பாய் சைல்ட்” வேறு விஷயம். அதற்கு நீ ஜட்டியோடு வாசலில் ஆடினதை அக்கா இன்னும் ஆடிக் காட்டுகிறாள்.

லயத்தில் பிறந்த பிள்ளை மெல்பர்னில் வீடு வாங்கினதைப் போதகர் பிரசங்கத்திலேயே சொன்னார். எனக்குத் தலை நிமிர்ந்தது. வெளியே வந்ததும் “மகன் பண்டிகைக்கு வருகிறானா?” என்று நாலு பேர் கேட்டார்கள், நிமிர்ந்த தலை குனிந்தது. சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு. சண்டை போட்ட ராத்திரியும் சாப்பிட்டுத்தான் படுக்கணும். பொதுவாகச் சொல்கிறேன்.

இப்போது “பக்தரே வாரும்” இங்கிலீஷில் வருகிறது. இது வந்தால் தள்ளிவிடுவேன். இன்றைக்குத் தள்ளவில்லை.

அப்பா பாடின கேசட்டை நீ மறந்திருக்க மாட்டாய். டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் “பக்தரே வாரும்” பாட, கிராணி பதிந்து கொடுத்தது. யாரும் மேலே பதியக்கூடாதென்று கேசட் முதுகில் இருக்கும் இரண்டு பொட்டையும் அப்பாவே நெம்பி உடைத்து வைத்தார். நீ ஆறாம் வகுப்பில் யூபிஎஸ்ஆர் பரீட்சை எழுதின வருஷம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் போட்டால் அதில் ஜிம் ரீவ்ஸ் பாடுகிறார், இதே பாட்டை. நீதான் நோண்டினாய் என்று அப்பா பெல்ட்டை உருவினார். “நான் தொடவே இல்லைப்பா” என்று அழுதுகொண்டே நீ என் பக்கம் பார்த்தாய். நான் அச்சுமுறுக்குச் சட்டியிலிருந்து தலை தூக்கவில்லை. அன்றைக்கென்று மாவு அச்சைவிட்டுக் கழலாமல் ஒட்டிக்கொண்டது. குச்சியால் தட்டிக்கொண்டே இருந்தேன். கழன்ற பிறகும் தட்டினேன்.

பதிந்தது நான்தான், தம்பி. கை தவறி இல்லை. பண்டிகைக்கு எடுத்த முன்பணம் கள்ளுக்கடைக்குப் போன ராத்திரி அது. உடைந்த ஓட்டையை அடைத்தால்தான் பதிகிற பட்டன் இறங்கும். செலோடேப்பைச் சின்னதாகக் கத்தரித்து, இரண்டு ஓட்டையிலும் நகத்தால் அழுத்தி ஒட்டினேன். அவர் குரல் வீட்டில் இருக்கக் கூடாது என்றிருந்தது அப்போது. காலையில் கோபம் போய்விட்டது. டேப்பை உரித்து அடுப்பில் போட்டேன்.

அப்பா போன அன்றைக்குக்கூட உன்னிடம் சொல்லவில்லை. நீ அதற்கப்புறம் கேரல் பாடப் போகிற லோரியில் ஏறவே இல்லை. தொண்டை கட்டியிருக்கு என்பாய், வருஷா வருஷம். நானும் மிளகு கஷாயம் போட்டுக் கொடுப்பேன்.

இதை மருமகளுக்கும் படித்துக் காட்டு. மாமியார் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கும் தெரியட்டும்.

டிசம்பர் 24 ராத்திரி மெழுகுவத்தி ஏற்றிப் பாடுகிற இடத்துக்குப் போவீர்களே, 1938இல் ஒரு ரேடியோக்காரர் தொடங்கினது என்றாய். ஒரு வயதான அம்மா ஜன்னலோரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். போன வருஷம் மூன்று டிக்கெட் எடுத்தீர்கள். இந்தத் தடவை எத்தனை என்று எழுது, அது போதும். அச்சுமுறுக்கு சுட வேண்டும். பெரிய டின்னா, சின்ன டின்னா என்று எனக்குத் தெரியணும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா