இது மாதிரி ஒண்ணு போடுங்கண்ணே

மதுரை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கத்தை உன் முழங்காலுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். வீட்டில் படித்துக் காட்டினேன். "அண்ணனை மாடிப்படி ஏற வேண்டாம்னு எழுதுங்க" என்றாள். எழுதியாயிற்று. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இத்தனை நாள் மங்கலாக இருந்த ஒட்டடையெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிவதால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

சரி, உன் கண்மாய்ப் பறவை வீடியோவுக்கு வருகிறேன். 'நோ காப்பிரைட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த இசையைத்தானே எடுத்துச் சேர்த்தேன், 'இது எங்கள் இசை' என்று யூடியூபில் எனக்கு எப்படி க்ளெய்ம் வரும் என்று கேட்டிருக்கிறாய். வரும். எனக்கே வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். நீ கேட்ட இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. "மனசுல ஒரு ட்யூன் இருக்கு. அதே மாதிரி, ஆனா வம்பு வராத ஒண்ணை எப்படித் தேடுறது?"

அந்தக் கேசட் கடை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காலேஜ் விட்டு பஸ்ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், மாடிப்படிக்கு அடியில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கடை. பாட்டு லிஸ்ட்டைத் தாளில் எழுதி அறுபது நிமிஷக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். பி சைடில் கடைசியாக நாலு நிமிஷம் மிஞ்சும். "என்னப்பா போடட்டும்?" என்பார். நமக்கு என்ன தெரியும்? லிஸ்ட்டில் ஒரு பாட்டைத் தொட்டுக் காட்டி, "இது மாதிரி ஒண்ணு போடுங்கண்ணே" என்போம். அவர் போட்டது வேறு படமாக இருக்கும், வேறு இசையமைப்பாளராக இருக்கும். ஆனாலும் அது மாதிரியேதான் இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நாம் ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை.

அந்த வேலையைத்தான் இப்போது ஏஐ செய்கிறது. புதிதாகப் பாட்டை உண்டாக்கித் தரும் ஏஐ வேறு. நான் சொல்வது, யாரோ வாசித்துப் பதிவு செய்து வைத்திருக்கும் இசையில் நமக்கு வேண்டியதைத் துழாவி எடுத்துக் கொடுப்பது. உப்பளப் படத்தில் மாட்டிக்கொண்டபோதுதான் நானே இதைக் கற்றுக்கொண்டேன்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷப் படம். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசும், அதனால் இருட்டோடு இருட்டாக வேலைக்கு வந்துவிடுகிறார்கள். நீளக் கம்பில் கட்டிய பலகையால் பாத்தியில் இருந்து உப்பை வாரி வரப்பில் சேர்க்கும் காட்சி, கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம், பேச்சே கிடையாது. எடிட்டிங் டைம்லைனில் அந்த இடம் சத்தமில்லாமல் காலியாக இருக்க வேண்டாமே என்று எனக்குப் பிடித்த ஒரு சினிமாப் பின்னணி இசையை ஒப்புக்குப் போட்டு வைத்தேன். செய்திருக்கவே கூடாது. படம் எடுக்கச் சொன்னவர்கள் ரஃப் கட்டை, அதாவது முதல் அரைகுறைத் தொகுப்பைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மியூசிக் சூப்பர் சார், இதையே வெச்சுக்கலாம்" என்றார்கள்.

எடிட்டிங்கில் இது பழைய வியாதி. 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்பவர் இசையமைத்துக் கொடுத்தார். ஆனால் இயக்குநர் குப்ரிக், எடிட்டிங்கின்போது ஒப்புக்குப் போட்டிருந்த செவ்வியல் இசைப் பதிவுகளையே விட மனசில்லாமல் வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குத் திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. குப்ரிக்குக்கு உரிமை வாங்கப் பணம் இருந்தது. எனக்கு? மெட்டுக்கு ஒரு அனுமதி, பதிவுக்கு ஒரு அனுமதி என்று தனித்தனியாக வாங்க வேண்டும். படத்தின் மொத்த பட்ஜெட்டையும் கொட்டினாலும் காணாது.

முதலில் வார்த்தை போட்டுத் தேடினேன். 'இந்தியன்' என்று போட்டால் சிதாரும் தபலாவும் வந்து ராஜஸ்தான் ஒட்டகம் கண்முன்னே நடக்கிறது. சோகம் என்பதற்கு இங்கிலீஷில் 'சேட்' என்று போட்டால் இழவு வீட்டுப் பியானோ. மூன்று ராத்திரி இப்படியே போயிற்று. யாரோ ஒட்டிய லேபிளைத்தானே இதில் தேட முடியும்? என்னோடு வேலை பார்க்கும் பையன்தான், "அண்ணே, அந்த சினிமா மியூசிக்கையே ஏத்தித் தேடுங்க" என்றான்.

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பாட்டை முதலில் ஒரு படமாக மாற்றுகிறார்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக சுருதி, சத்தம் கூடும் இடத்தில் வெளிச்சம். ஸ்பெக்ட்ரோகிராம் என்று பேர். ஏகப்பட்ட பாட்டுகளின் படத்தைப் பார்த்துப் பழகிய நியூரல் நெட்வொர்க் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று இதைப் பார்த்துவிட்டுச் சில நூறு எண்களைத் தரும். அந்த எண் வரிசைதான் பாட்டின் விலாசம். வேகம், வாத்தியத்தின் குரல், அடர்த்தி எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். தளத்தில் இருக்கும் எல்லா இசைக்கும் இப்படி முன்கூட்டியே விலாசம் எழுதி வைத்திருப்பார்கள். நீ ஒன்றைக் கொடுத்தால் அதற்கும் விலாசம் போட்டு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து நிறுத்தும்.

மதுரையையே எடுத்துக்கொள். தெற்கு ஆவணி மூல வீதி என்றால் நகைக்கடை, கீழமாசி வீதி என்றால் மளிகை, விளக்குத்தூண் பக்கம் ஜவுளி. போர்டில் என்ன பேர் எழுதியிருந்தாலும் சரி, ஒரு நகைக்கடை வாசலில் உன்னை இறக்கிவிட்டால் அடுத்த வாசலும் பெரும்பாலும் நகைக்கடைதான். ஓடுகிற பாட்டின் பேரைச் சொல்ல நீ போனில் வைத்திருக்கிறாயே ஷஸாம், அது வேறு ஜாதி. அது கைரேகை பார்ப்பது மாதிரி, அதே பதிவுதானா என்று மட்டும் பார்க்கும். இது சாடை பார்க்கிறது.

ஸ்வீடனில் 2009-இல் தொடங்கிய எபிடெமிக் சவுண்ட் மாதிரியான சந்தாத் தளங்களில் இந்த வசதி இருக்கிறது. ஜெர்மனியின் சயனைட் போன்ற கம்பெனிகள் தேடலை மட்டும் செய்து இசை நூலகங்களுக்குக் கொடுக்கின்றன. இதே வேலைக்காக சிங்கப்பூரில் 2018-இல் ஆரம்பித்த மியூசியோவை 2022-இல் சவுண்ட்கிளவுட் என்ற பாட்டுத் தளம் வாங்கிப் போட்டுக்கொண்டது. சில இடங்களில் பாட்டின் லிங்க்கைக் கொடுத்தால் போதும், சில இடங்களில் ஃபைலை ஏற்ற வேண்டும்.

அந்தச் சினிமா இசையை முழுசாக ஏற்றினேன். வந்ததெல்லாம் ஹோட்டல் வரவேற்பறையில் ஓடுமே, அந்த ரகம். அமைதியான தொடக்கம், நடுவில் கூட்டம், கடைசியில் வயலின் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிதானே வரும்? பிறகு எனக்கு வேண்டிய பதினெட்டு விநாடியை மட்டும் வெட்டி ஏற்றி, பாடும் குரல் வேண்டாம் என்று தட்டினேன். இப்போது பரவாயில்லை. ஆனால் எல்லாம் ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளைகள் மாதிரி, முகவாய் மட்டும் ஒத்துப்போனது. ஒன்று மட்டும் மூக்கும் முழியுமாக அசலைப் போலவே இருந்தது. அதை நான் தொடவில்லை. ராயல்டி ஃப்ரீ என்று விற்றாலும், மெட்டையே சுட்டுப் போட்டிருந்தால் நாளைக்கு என் வீட்டுக் கதவையும் தட்டுவார்களே!

அன்று ராத்திரி சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தச் சினிமா இசையில் வயலினும் புல்லாங்குழலும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் தாளம் தற்செயலாக காட்சியில் உப்பு வாரும் அம்மா பலகையை இழுக்கும் வேகத்தோடு ஒத்துப்போயிருந்தது, அதில்தான் நாங்கள் எல்லோரும் விழுந்திருக்கிறோம். அப்படியானால் பாட்டை ஏன் கொடுக்க வேண்டும்? உப்பளத்தில் மைக்கில் பிடித்த சத்தத்தையே இருபது விநாடி வெட்டி ஏற்றினேன். சர்ர்ர், டக். சர்ர்ர், டக்.

பையன் சிரித்தான். முதலில் வந்ததும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு கடல் அலை, ஒரு டிஸ்கோ, யாரோ கிலுகிலுப்பையை மட்டும் ஆட்டுவது. ஒன்பதாவதாக ஒன்று வந்தது. டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள், அடியில் செல்லோவில், பெரிய வயலின் மாதிரி இருக்குமே, ஒரே ஒரு தந்தி முனகுகிறது. டைம்லைனில் வைத்து ஆறு ஃப்ரேம் தள்ளினேன். பலகை இழுபடும் இடத்தில் பிரஷ் இழுபட்டது, உப்பு வரப்பில் விழும் இடத்தில் செல்லோ மூச்சு விட்டது. பையன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். படம் எடுக்கச் சொன்னவர்கள் மட்டும் இரண்டு நாள் "பழைய மியூசிக் எங்க சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கேட்கவில்லை.

உடனே நீயும் இதுதான் மந்திரம் என்று குதிக்காதே. நம் வாத்தியங்களில் இது தடுமாறுகிறது. பறையைக் கொடுத்தேன், ஆப்பிரிக்க டிரம்ஸும் ஹாலிவுட் போர்க்களமும் வந்தன. நாதஸ்வரத்தைக் கொடுத்தேன், ஓபோ என்கிற மேல்நாட்டுக் குழல் வந்தது, ஸ்காட்லாந்துக்காரர்களின் பைப் வந்தது. மெஷினைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தெருவில் ஆளே குடியில்லாதபோது பக்கத்து வீட்டுக்காரரை எங்கிருந்து கூட்டி வரும்? உனக்கு நாதஸ்வரம்தான் வேண்டும் என்றால், உங்கள் ஊர் வித்வானுக்கு நியாயமான தொகை கொடுத்து அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்.

"கீர்த்தனைக்கு ஏது காப்பிரைட்?" என்று வேறு எழுதியிருக்கிறாய். கீர்த்தனைக்கு இல்லைதான். தியாகராஜர் 1847-இல் மறைந்தார், அவர் மெட்டுக்கு இன்றைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அதை ஒருவர் பாடி 1990-இல் கேசட்டாக வந்திருந்தால், அந்தப் பதிவுக்கு நம் சட்டப்படி அறுபது வருஷ உரிமை உண்டு. 2050 முடிகிறவரை காத்திரு, முழங்கால் தாங்கினால். இன்னொரு கூத்து, கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட காப்பிரைட் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டை ஒட்டி யூடியூபில் ஏற்றலாம் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். அந்த விலக்கு மண்டபத்து வாசலோடு சரி.

இப்போது உன் க்ளெய்ம். யூடியூப் 2007-இலேயே கன்டென்ட் ஐடி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உரிமையாளர் ஒப்படைத்த இசையோடு எல்லா வீடியோவையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். என் கதையில் நடந்தது இது. இலவசம் என்று போட்டிருந்த இசையைத்தான் எடுத்தேன். பிறகு வேறு யாரோ அதையே தன் பாட்டுக்கு அடியில் போட்டு, மொத்தத்தையும் தன்னுடையது என்று பதிவு செய்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து எனக்கு க்ளெய்ம். நான் எடுத்த பக்கமும் அதற்குள் காணாமல் போயிருந்தது, காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அன்றிலிருந்து எதை டவுன்லோடு செய்தாலும் லைசென்ஸ் பக்கத்தைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். உன்னிடம் அது இருந்தால் க்ளெய்ம் தப்பு என்று தைரியமாக டிஸ்ப்யூட் போடு. அவர்களுக்குப் பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம் உண்டு. க்ளெய்ம் என்பது சேனல் மேல் விழும் ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கை இல்லை, சேனல் போய்விடுமோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ராயல்டி ஃப்ரீ என்றால் ஓசி என்று அர்த்தமில்லை. ஒரு தடவை காசு கட்டினால், அப்புறம் ஓடுகிற ஒவ்வொரு தடவைக்கும் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். சந்தாத் தளங்களில் பெரும்பாலும் சந்தா இருக்கும்போது வெளியிட்ட வீடியோவுக்குப் பிறகும் பாதுகாப்பு உண்டு, சந்தா முடிந்தபின் போடும் புதிய வீடியோவுக்குக் கிடையாது. காசே வேண்டாம் என்றால் யூடியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரியிலிருந்து ஆரம்பி. கிரியேட்டிவ் காமன்ஸ் இசை, அதாவது நிபந்தனையோடு இலவசமாகத் தருவது, எடுத்தால் அதன் லைசென்ஸ் குறியைப் பார். 'பிஒய்' என்றால் பேர் போட வேண்டும். 'என்சி' இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது, உன் வீடியோவில் விளம்பரம் ஓடினால் அதைத் தொடாதே. 'என்டி' இருந்தால் காட்சியோடு சேர்க்கவே முடியாது, ஏனென்றால் படத்தோடு இசையைப் பொருத்துவதையே மாற்றம் செய்வதாகக் கணக்கில் வைக்கிறார்கள். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

உன் வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். நாரை இறங்குகிற இடம் பிரமாதம். அந்த இடத்துக்கு மட்டும் இருபது விநாடி வெட்டி அனுப்பு, அங்கே பிடித்த கண்மாய்ச் சத்தத்தோடு. உன் மனசில் இருக்கும் ட்யூனையும் தனியாக முனகி அனுப்பு, பாட வராது என்று சாக்குச் சொல்லாதே. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பு. அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்க மதுரைக்கு வருவாய் அல்லவா, உட்கார்ந்து தேடலாம். ஸ்டூடியோவை இப்போது மாடிக்கு மாற்றிவிட்டேன். நீ ஏறாதே. கீழே டீக்கடையில் நின்று ஒரு போன் போடு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கி வருகிறேன்.

அன்புடன்
உன் மாப்ளே