பந்தை உதைத்தே பதவி பிடித்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால்பந்தின் தாயகம் சீனாதான் என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். 2004இல் ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் பெய்ஜிங்கில் அப்படி அறிவித்தது உண்மைதான். ஆனால் இன்றைய ஆட்டத்தின் விதிகள் 1863இல் லண்டனில் எழுதப்பட்டவை. பந்தை உதைத்து ஆடிய பழைய சீன ஆட்டமான சூஜுவிலிருந்து அவை வந்ததாகக் காட்ட எந்தச் சான்றும் கிடையாது.

சூஜுவும் ஒரே ஆட்டமாக இருந்ததில்லை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹான் வம்சத்தின் காலத்தில் அது படைவீரர்களுக்கான பயிற்சி. இரண்டு அணிகள் முட்டி மோதின. பின்னால் தாங் வம்சத்தின் காலத்தில் காற்றடைத்த பந்து வந்தது. அதன் பிறகு வந்த சோங் வம்சத்தின் காலத்திலோ மைதானத்தின் நடுவே சுமார் 30 அடி உயரக் கம்பங்கள், மேலே ஒரு அடி அகலத்தில் ஓட்டை. பந்து தரையில் விழாமல் தட்டித் தட்டி அதற்குள் அனுப்ப வேண்டும். எதிரணியைத் தொடும் வேலையே இல்லை. தோற்ற அணியின் தலைவருக்குச் சவுக்கடி, முகத்தில் வெள்ளைப் பூச்சு! இதையும் கால்பந்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எப்படி?

கட்டுரையாளர் தொடாமல் விட்ட விஷயம்தான் எனக்குச் சுவாரசியம். அங்கே பந்தாட்டம் அரசுப் பதவிக்கு ஏணியாகவும் இருந்தது. சோங் காலத்தில் எழுத்தராக வேலை பார்த்த காவ் சியூ, ஏதோ ஒரு பொருளைக் கொடுக்க இளவரசர் ஒருவரிடம் போனபோது பந்தை உதைத்துக் காட்டி அவர் மனதில் இடம்பிடித்தார். அந்த இளவரசர் பின்னால் ஹுய்சோங் பேரரசரானார். காவ் சியூ அரண்மனைக் காவல்படையின் தளபதியாகிவிட்டார். 1127இல் சோங் தலைநகரம் கைஃபெங், வடக்கிலிருந்து வந்த ஜுர்சென் இனத்தாரின் படையிடம் வீழ்ந்ததற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தளபதியை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்.

குதிரைமேல் ஆடும் போலோவில் இதைவிட மோசம். 880இல் தாங் பேரரசர் ஷிசோங், சிச்சுவான் பகுதி ஆளுநர் பதவிகளுக்கு போலோ போட்டி வைத்தார். முதலில் வந்தவர் சென் ஜிங்ஷுவான். அரண்மனையில் செல்வாக்காக இருந்த, ஆண்மை நீக்கப்பட்ட அதிகாரி ஒருவரின் அண்ணன் அவர்! போலோவுக்கு அரசுத் தேர்வு இருந்தால் தானே முதலிடம் என்று இதே பேரரசர் ஒருமுறை பெருமை அடித்தாராம். யாவோ, ஷுன் போன்ற நல்லரசர்கள் தேர்வை நடத்தினால் நீங்கள் தேறமாட்டீர்களே என்றாராம் அவையின் விதூஷகர். பேரரசர் சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கட்டுரையாளர் அடுத்து எழுதுவதாக இருந்தால் சுய்வானைப் பற்றி எழுதட்டும். கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம் அது. 1282இல் அதற்கென்று விதிநூலே வந்திருக்கிறது. கோல்ஃப் யாருடையது என்ற சண்டையை மட்டும் கிளப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி