முன்னால் பறப்பவரை மாற்றுங்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை எங்கள் லீவைப் பிடுங்கி நடத்திய பயிற்சி வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். காட்டு வாத்துகள் 'வி' வடிவில் பறக்கிற படத்தைத் திரையில் போட்டு, சேர்ந்து பறந்தால் 71 சதவீதம் கூடுதல் தூரம் போகலாம் என்றார் பயிற்சியாளர். நாங்களும் கைதட்டினோம். டீமில் ஏழு பேர் நான்கு பேரான கதையும், இரவில் அவசர வேலைக்கு அழைக்கிற ஆன்கால் போன் யாரிடம் இருக்கிறது என்பதும் உங்களுக்கே தெரியும்.

அந்த 71 சதவீதக் கணக்கு 1970-ல் 25 பறவைகளுக்கென்று காகிதத்தில் போட்டது. கூழைக்கடாப் பறவைகளின் இதயத்துடிப்பை நிஜமாகவே அளந்து 2001-ல் சொன்னபோது, மிச்சமாகிற சக்தி சுமார் 11 முதல் 14 சதவீதம்தான். அதுவும் முன்னால் போகிற பறவையின் சிறகு நுனிக்கு வெளியே மேலெழும்பும் காற்று பின்னால் வருவதைத் தாங்குவதால் கிடைப்பது. முன்னால் போவதைத் தாங்க யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் பறவைகள் முறை மாற்றிக்கொள்கின்றன. ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் பறந்த இளம் அரிவாள்மூக்கன் பறவைகளின் முதுகில் கருவி கட்டிப் பார்த்தார்கள். நீ எனக்கு எவ்வளவு நேரம் முன்னால் போனாயோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் நான் உனக்கு, என்று ஜோடி ஜோடியாகக் கடனை அடைத்திருக்கின்றன. 2015-ல் வந்த ஆய்வு. உங்கள் ஸ்லைடில் இது இல்லை.

இங்கே பதினான்கு மாதமாக முன்னால் நான்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று மட்டும் அந்த போன் ஐந்து முறை அடித்தது. எந்தச் சொட்டு மருந்தை எத்தனை மணிக்கொரு முறை விடவேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது ஒரு காதில் போன், பாதிதான் விழுந்தது. மறுபடி கேட்டேன். "நீங்கதானே அவங்க பையன்?" என்றார் அந்தம்மா. முறை மாற்றுங்கள் என்று அப்போதே எழுதினேன், பதில் வரவில்லை, மாதாந்திர பிறந்தநாள் கேக்குக்கு அழைப்புதான் வந்தது.

அடுத்த வகுப்பில் புறாவைப் போடுங்களேன். ஜோடியாகப் பறக்கும் பந்தயப் புறா தனியாகப் பறப்பதைவிட 18 சதவீதம் வேகமாகச் சிறகடிக்க வேண்டியிருக்கிறதாம். நம் அலுவலகத்துக்கு அதுதான் பொருத்தம்.

சரி, கோபத்தில் ஏதாவது அதிகம் பேசியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றே: ஆன்கால் போனை வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து மாற்றுங்கள். வருகிற திங்கள் இரவு அது யாரிடம் என்று வெள்ளிக்குள் சொன்னால் போதும்.

பணிவுடன்,
உங்கள் ஊழியன்